சூரியகாந்திக்குக் கீழே கிடப்பவள்: போர்க்கால வல்லுறவு பற்றிய ஜெர்மன் படங்களைப் பார்க்கையில் நேரும் தவறுகள்

ஜெர்மன் பெண் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1907-08இல் செய்த ஓர் அச்சோவியத்துக்கு ‘ஃபெர்கெவால்டிக்ட்’ என்று பெயர். உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் எட்சிங் முறை. தலைப்பைத் தமிழில் ‘கற்பழிப்பு’ என்று எழுதிவிட்டால், படத்தைப் பார்க்கும் முன்பே முதல் தவறு நடந்துவிடுகிறது. அந்த ஜெர்மன் சொல்லுக்குள் இருப்பது ‘கெவால்ட்’, அதாவது வன்முறை, பலவந்தம். கற்பு என்ற பேச்சே அதில் இல்லை. நம்மிடம் ‘வல்லுறவு’ என்று நல்ல சொல் இருக்கிறது; இலங்கைத் தமிழ் எழுத்தில் சகஜமாகப் புழங்குவதுதான். கெவால்ட் சொல்வதை நம் ‘வல்’ அப்படியே சொல்லிவிடுகிறது. இன்னொன்று, தலைப்பு அந்தச் செயலின் பெயர்கூட அல்ல. ‘வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டவள்’ என்றால்தான் மூலத்துக்குப் பக்கத்தில் வரும்.

சரி, படத்துக்குள் போவோம். பலரும் முதலில் தேடுவது அவனை. அவன் இல்லை. எல்லாம் முடிந்து, போய்விட்டான். மிதிபட்ட தோட்டத்தில், இலைகளுக்கும் சூரியகாந்திகளுக்கும் நடுவே ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். கால்கள் நம் பக்கம். பின்னால் சாய்ந்த தலை செடிகளுக்குள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மியூனிக்கில் ரூபன்ஸ் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது: கிரேக்கப் புராணத்தில் வரும் லியூசிப்பஸின் மகள்களை இருவர் குதிரையில் தூக்கிச் செல்லும் காட்சி. அங்கே பெண்களின் உடல் பளபளக்கும், கண் அதிலேயே நிற்கும். ஐரோப்பிய ஓவியம் இந்தக் குற்றத்தை நெடுங்காலம் அப்படித்தான் காட்டியது. கோல்விட்ஸ் அந்த இன்பத்தைத் தர மறுக்கிறார். முகம் சரியாகத் தெரியவில்லை என்று குறைப்படுவது அந்த மறுப்பைக் கவனிக்காததால் வருவது.

மேலே, வேலிக்குப் பின்னால் ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது. மூலப் படம் அரை மீட்டருக்குச் சற்று மேல் அகலம். கைப்பேசித் திரைக்குச் சுருக்கினால் அந்தக் குழந்தை இருட்டோடு கலந்துவிடும்; ஓரங்களை வெட்டிப் பகிர்ந்தால் சுத்தமாகவே போய்விடும். எனக்கும் இரண்டாம் தடவைதான் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் அதை விட்டு வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

இதைத் தனிப் படமாகப் பார்ப்பதும் தவறு. 1524-25இல் நடந்த ஜெர்மன் விவசாயிகள் போரைப் பற்றிய ஏழு படத் தொகுப்பில் இது இரண்டாவது. முதல் படத்தில் மாடுகளைப் போல மனிதர்கள் ஏர் இழுக்கிறார்கள். மூன்றாவதில் ஒரு பெண் அரிவாளைத் தீட்டுகிறாள். கிளர்ச்சி ஐந்தாவதில்தான் வெடிக்கிறது. ஆக, கோல்விட்ஸின் வரிசையில் வல்லுறவு போரின் பக்க விளைவு அல்ல. உழைப்புச் சுரண்டலோடு சேர்ந்து போரை மூட்டும் காரணங்களில் ஒன்று. ‘போரென்றால் இதெல்லாம் நடக்கும்’ என்ற சலிப்புப் பேச்சுக்கு இந்த வரிசையே பதில்.

இன்னொரு ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ் விஷயத்தில் குழப்பம் வேறு மாதிரி. முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி வீரராக இருந்தவர் அவர். 1924இல் வந்த ‘போர்’ தொகுப்பின் 50 படங்களையும் புரட்டிவிட்டு, இந்தக் குற்றத்தை அவர் தொடவே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கன்னியாஸ்திரீ ஒருவரைப் படைவீரன் தாக்கும் படத்தையும் அவர் செய்திருந்தார். வெளியீட்டாளர் கார்ல் நீரென்டோர்ஃப் பயந்ததால் அது தொகுப்பில் சேரவில்லை. 1922இல் டிக்ஸ் செய்த ‘லுஸ்ட்மோர்ட்’ படங்களைப் போர்க்கள வல்லுறவு என்று சொல்வதும் பொருந்தாது. அவை நகரத்து அறைக்குள் நடந்த பாலியல் கொலையைக் காட்டுபவை. மாக்ஸ் பெக்மனின் ‘இரவு’ (1918-19) ஓவியமும் அப்படியே. வீட்டுக்குள் புகுந்து சித்திரவதை செய்பவர்கள் எந்தப் படையினர் என்று அதில் எழுதி ஒட்டவில்லை.

1945 பற்றி ஒரு வார்த்தை. சோவியத் செம்படையினர் ஜெர்மன் பெண்கள் மீது நடத்திய வல்லுறவுகளுக்கும் கோல்விட்ஸின் படத்தைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவர் அந்த ஆண்டு ஏப்ரல் 22இலேயே இறந்துவிட்டார். படமோ அதற்கு 37 ஆண்டு மூத்தது. அதில் கிடப்பவள் ஒரு விவசாயப் பெண். ஜெர்மன் இனத்தின் சின்னமாக அவளை ஆக்கினால், ஆளையே மறுபடி அழித்தது போலாகும்.

கடைசியாக, 1990களில் ‘லுஸ்ட்மோர்ட்’ என்ற அதே பெயரில் வந்த படைப்பு. தலைப்பைப் பார்த்து ஜெர்மன் கலைஞருடையது என்று நினைப்பவர்கள் உண்டு. செய்தவர் அமெரிக்கரான ஜென்னி ஹோல்சர், பொருள் போஸ்னியப் போர். ஜெர்மனியோடு தொடர்பு எப்படியென்றால், 1993 நவம்பரில் ஸூட்டாய்ச்ச சைட்டுங் நாளிதழின் வார இணைப்பில்தான் அது வெளியானது. செய்தவன், ஆளானவள், பார்த்தவர் என மூன்று குரல்களின் வரிகளை மனிதத் தோலில் எழுதிப் படமெடுத்திருந்தார். அட்டையின் மையில் பெண்கள் தானமாகத் தந்த ரத்தம் கலந்திருந்தது. இதழ் வந்ததும் பெரும் கூச்சல் எழுந்தது. கூச்சலில் பெரும்பங்கு அந்த மையைப் பற்றி.