அம்மோனியா: அயனிச் சேர்மமா, சகப்பிணைப்புச் சேர்மமா? போட்டுப் பார்க்கும் வழி

அம்மோனியா சகப்பிணைப்புச் சேர்மம்தான். அதாவது அதன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுச் சேர்ந்திருக்கின்றன; அயனிச் சேர்மத்தைப் போல ஒன்று கொடுத்து மற்றொன்று வாங்கி, மின்சுமையுள்ள அயனிகளாகிச் சேரவில்லை. ஆனால் இதை வெறுமனே மனப்பாடம் செய்து வைத்தால், அடுத்த கேள்வியாக அம்மோனியம் குளோரைடு வந்ததும் தடுமாறிவிடுவோம். நானும் தடுமாறியிருக்கிறேன். அதனால்தான் இந்தப் படிகளை எழுதி வைக்கிறேன்.

தாளும் பென்சிலும் போதும். மூலக்கூறைச் சுழற்றிக் காட்டும் செயலிகள் வடிவத்தைப் பார்க்க நல்லவை. பிணைப்பு எப்படி உருவாகிறது என்பது மட்டும் கையால் புள்ளி வைத்தால்தான் மனதில் பதிகிறது.

படி 1: என்ன தனிமங்கள்?
நைட்ரஜன், ஹைட்ரஜன் இரண்டும் அலோகங்கள். அலோகமும் அலோகமும் சேர்ந்தால் பெரும்பாலும் சகப்பிணைப்பு. 'பெரும்பாலும்' என்பதற்குக் காரணம் கடைசியில் வரும்.

படி 2: புள்ளி வையுங்கள்
நைட்ரஜனின் வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான்கள். அவற்றுக்குப் புள்ளி. மூன்று ஹைட்ரஜன்களுக்கும் ஆளுக்கு ஒரு பெருக்கல் குறி. குறிகளை வேறுபடுத்துவது முக்கியம். யாருடைய எலக்ட்ரான் எங்கே போனது என்று அப்போதுதான் தெரியும்.

இப்போது ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு புள்ளி, ஒரு பெருக்கல் குறி. மூன்று பங்கீடுகள். வெளிக்கூடு நிரம்ப நைட்ரஜனுக்கு எட்டு, ஹைட்ரஜனுக்கு இரண்டு என்று எல்லோர் கணக்கும் சரியாகிவிட்டது. எலக்ட்ரானை யாரும் முழுதாகப் பறிகொடுக்கவில்லை. நைட்ரஜன் மேல் இரண்டு புள்ளிகள் மிச்சம் இருக்கும். அந்தத் தனித்த இரட்டையை அழித்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

படி 3: கவர்திறன் வித்தியாசம்
பங்கிட்ட எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறனே கவர்திறன். அதை அளக்கும் பாலிங் அளவுகோலில் நைட்ரஜன் 3.04, ஹைட்ரஜன் 2.20. வித்தியாசம் 0.84. பங்கீடு இருக்கிறது, ஆனால் நைட்ரஜன் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஆகவே இது முனைவுள்ள சகப்பிணைப்பு.

வித்தியாசம் 1.7-க்கு மேல் போனால் அயனிச் சேர்மம் என்ற விதியை நான் தனியாக நம்புவதில்லை. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78, அது சகப்பிணைப்புச் சேர்மம். சோடியம் ஹைட்ரைடில் 1.27தான், அதுவோ அயனிச் சேர்மம். படி 2-க்குத் துணையாக மட்டும் இந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கரைசலைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்
நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அம்மோனியாவை நீரில் கரைத்தால் மின்சாரம் கடத்துகிறது. அப்படியென்றால் உள்ளே அயனிகள் இருந்தன என்றுதானே தோன்றும்?

இல்லை. சோடியம் குளோரைடில் அயனிகள் முன்பே இருக்கின்றன. நீர் அவற்றைப் பிரித்து விடுகிறது, அவ்வளவுதான். அம்மோனியாவில் அயனிகள் புதிதாக உண்டாகின்றன. மிச்சம் வைத்தோமே இரண்டு புள்ளிகள், அவை நீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை இழுத்துக்கொள்கின்றன. அம்மோனியம் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் பிறக்கின்றன. அதுவும் மிகக் குறைவாக: 0.1 மோலார் கரைசலில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் மூலக்கூறுகள் அயனியாகின்றன.

அதனால் தூய பொருளைப் பாருங்கள். சோடியம் குளோரைடு உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகியதும் நன்றாகக் கடத்தும். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். குளிர்வித்துத் திரவமாக்கினாலும், தூய்மையாக இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்துவது மிக மிகச் சொற்பம்.

பின்சேர்க்கை
"அம்மோனியம் குளோரைடிலும் எல்லாம் அலோகம்தானே, அதுவும் சகப்பிணைப்பா?" என்று பின்னூட்டத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. படி 1 தவறும் இடம் இது.

அம்மோனியா தன் தனித்த இரட்டையை ஒரு ஹைட்ரஜன் அயனியோடு பகிர்ந்துகொள்கிறது. இப்படிப் பங்கிடும் இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அணு தருவது ஈதல் சகப்பிணைப்பு. உருவான பிறகு நான்கு நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒரே மாதிரிதான். எது புதிது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மொத்த அமைப்புக்கும் ஒரு நேர்மின்சுமை வந்துவிடுகிறது. அது குளோரைடு அயனியோடு அயனிப் பிணைப்பில் சேர்கிறது. ஆக, உள்ளே சகப்பிணைப்பு, வெளியே அயனிப் பிணைப்பு. அம்மோனியா வாயுவும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் சந்திக்கும் இடத்தில் எழும் வெண்புகை இந்தத் திண்மத்தின் நுண்துகள்கள்தான்.

எனவே இனி படி 1-க்கு முன்பே பெயரைப் பாருங்கள். 'அம்மோனியம்' என்று தொடங்கினால் அதை ஒரே நேர்மின் அயனியாகச் சதுர அடைப்புக்குள் வரைந்துவிட்டு, மீதியைத் தனியாகப் போடுங்கள்.