மேல்வீட்டு கிரைண்டர் சத்தத்தை எங்கே தடுப்பது?
வேளச்சேரியோ பெரம்பூரோ, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான். மேல்வீட்டில் மாவு அரைத்தால் நம் வீட்டுச் சுவர் ரீங்கரிக்கும். உடனே யாராவது சீலிங்கில் தெர்மகோல் ஒட்டச் சொல்வார்கள். காசுக்குத்தான் கேடு, எடையில்லாத பொருள் சத்தத்தைத் தடுக்காது.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். கான்கிரீட்டில் அப்படி இல்லை. அதிர்வு ஸ்லாப், பீம், தூண் என்று தொற்றிக்கொண்டு, அதிகம் தேயாமலே இரண்டு மாடி தள்ளியும் கேட்கும். அதனால் கட்டடத்துக்குள் இறங்கும் முன்பே மறிக்க வேண்டும். மேல்வீட்டு அக்காவிடம் நயமாகப் பேசி, கிரைண்டர் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடச் சொல்லுங்கள். கையால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி இறுகிய பழைய ரப்பர் வேண்டாம். கிரைண்டர் சுவரையும் தொடக்கூடாது, ஒரு விரல் இடைவெளி போதும். தண்ணீர் மோட்டாருக்கும் இதே வைத்தியம்தான். அப்புறம், அதன் குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்புக்குள் ரப்பர் துண்டு வையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

தெருவில் அடிக்கும் ஹாரன் வேறு கதை, அது காற்று வழியாக வருவது. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. முதலில் ஜன்னல் இடுக்கையும் கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியையும் ரப்பர் பட்டையால் அடையுங்கள். கனத்த கண்ணாடி பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.