விண்ணப்ப உறையைப் பிரிக்கிறவர் கைக்கு ஏற்றபடி ஒட்டுவது

அரசாங்க வர்த்தமானியில் வேலை அறிவித்தல் வந்தால் எங்கள் கோண்டாவில் பிள்ளைகள் விண்ணப்பத்தை அழகாக நிரப்புவார்கள். உறையை மட்டும் தபால் கந்தோர் வாசலில் நின்று அவசரமாக ஒட்டுவார்கள். பென்சன் எடுக்கும்வரை ஒரு கந்தோரில் வந்த கடிதங்களைப் பிரித்தவள் நான்; அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

முதலில் விலாசம். உறை வெறுமையாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். தாள் வைத்த பிறகு எழுதினால் பேனை மேடுபள்ளத்தில் தடக்கும். குமிழ்முனைப் பேனைதான் நல்லது. கார்த்திகை, மார்கழி மழையில் ஜெல் பேனை எழுத்து கரைந்து ஓடக்கூடும். அரச கந்தோர்கள் பல இருக்கிற பத்தரமுல்லைக்கு என்றால் 10120 என்று தபால் குறியீட்டையும் போடுங்கள். இடது மேல் மூலையில் பதவியின் பெயர், வலது மேல் மூலையில் முத்திரை, பின்பக்கம் உங்கள் விலாசம். “கோண்டாவில் கிழக்கு, கோண்டாவில்” என்று எழுதினால், ஏன் ஊரை இரண்டு தரம் எழுதுகிறீர்கள் என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். முன்னது குறிச்சி, பின்னது தபால் கந்தோர். இரண்டும் வேண்டும்.

9×4 அங்குல உறைக்கு ஏ4 தாளை மூன்றாக மடித்தால் சரியாக இருக்கும். ஆனால் இறுக்கம்தான், இரண்டு மூன்று தாளுக்கு மேல் போனால் மடிக்காமல் பெரிய உறையில் வையுங்கள். வைத்த பிறகு அடிப்பக்கத்தை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள், தாள் கீழே இறங்கட்டும். நாங்கள் மேல் ஓரத்தைத்தான் கத்தரிப்போம். அடையாள அட்டைப் பிரதி இரண்டு துண்டாக வெளியே வந்ததும் உண்டு.

உறையின் வாய்க்கு ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். பிரிக்கிறவரின் விரலில்தான் ஏறும். சோற்றுப் பருக்கையும் வேண்டாம், காய்ந்தால் உரிந்துவிடும், கரப்பானும் அரிக்கும். ஒரு பசைக் குச்சி வாங்கினால் எத்தனையோ விண்ணப்பத்துக்குக் காணும்.

சுயவிலாசமிட்ட உறை கேட்டிருந்தால் அதில் முத்திரையை ஒட்டியே வையுங்கள். சும்மா போட்டு அனுப்பிய முத்திரை, உறையை உதறும்போது எங்கே விழுகிறதென்று யாருக்கும் தெரியாது. மூலச் சான்றிதழ் கேட்காவிட்டால் பிரதி போதும்.

பிறகு பதிவுத் தபால். முடிவுத் திகதிக்கு முன் “கிடைக்கக்கூடியதாக” என்று அறிவித்தலில் இருந்தால், அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே தபால் கந்தோரில் கொடுக்கிற நாள் கணக்கில் வராது. பற்றுச்சீட்டைக் கையோடு போனில் படம் எடுத்து வையுங்கள்.