பழைய டொஸ் கணினியில் இன்டரப்ட் முன்னுரிமை: சீரியல் ட்ரைவர் ஒன்றை எழுதிப் பார்ப்போம்

இன்டரப்ட் என்றால், ஒரு கருவி 'என்னைக் கவனி' என்று புரொசெசரை இடைமறித்துக் கேட்பது. சீரியல் போர்ட் வழியாக எழுத்து வரும்போது அதை ஏற்று எடுக்கும் நிரல்தான் நாம் எழுதும் ட்ரைவர். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய 286, 386 அல்லது 486 புரொசெசர் உள்ள கணினி ஒன்று போதும். டொஸ் (பழைய இயங்குதளம்), டர்போ சி (சி மொழியில் நிரல் எழுதும் மென்பொருள்), இன்னொரு கணினி, மூன்று கம்பி உள்ள சீரியல் கேபிள் ஆகியவையும் வேண்டும். 9 முனை இணைப்பியில் 2ஐ மறுபக்க 3உடனும், 3ஐ 2உடனும், 5ஐ 5உடனும் இணையுங்கள். கீழே உள்ள எண்கள் எல்லாம் தசமம். கையேடுகளில் இவை பதினறும எண்ணாக இருக்கும், குழம்பவேண்டாம்.

பவர் போடமுதல் மதர்போட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து மாரிக்கால ஈரமும் கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றும் ஐ.எஸ்.ஏ கார்ட்டின் (அந்தக் காலக் கணினியில் செருகும் அட்டையின்) விளிம்பைப் பச்சை பிடிக்க வைக்கும். வெள்ளை அழிறப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடையுங்கள். இது வெறும் சுத்த வேலை இல்லை, பிறகு இன்டரப்ட்டிலேயே இதன் கணக்கு வரும்.

முன்னுரிமையை யார் தீர்மானிக்கிறார்?

ட்ரைவர் இல்லை, 8259ஏ என்ற சிப். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அது ஒன்று, எட்டு வழி. (வழி என்றால், கருவி இன்டரப்ட் கேட்கும் கம்பி.) 1984இல் வந்த ஏடி என்ற ஐபிஎம் கணினியில் இரண்டாவது சிப் முதலாவதன் 2ஆம் வழியில் தொங்கவிடப்பட்டது. அதனால் வரிசை இப்படி ஆகிறது: 0, 1, 8, 9, 10, 11, 12, 13, 14, 15, 3, 4, 5, 6, 7. எண் சிறிதென்றால் முந்தும் என்று நினைத்தால் இங்கே சறுக்குவீர்கள். 14இல் இருக்கும் வன்தட்டு, 4இல் இருக்கும் முதலாவது சீரியல் போர்ட்டை முந்தும்.

8259ஏயைப் படலையில் நிற்கும் காவல்காரர் என்று வையுங்கள். வந்தவர்களில் யாரை முதலில் விடுவது என்பது அவர் கையில். ஆனால் வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தால் அவரும் வெளியில்தான் நிற்பார். இன்டரப்ட்டை ஏற்ற உடனேயே புரொசெசர் தன் அனுமதிக் கொடியை இறக்கிக் கதவைப் பூட்டிவிடும். உங்கள் கையாளும் நிரல் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரல்) கொடியைத் தானாக உயர்த்தாவிட்டால், 0ஆம் வழியில் முதலிடத்தில் இருக்கும் டைமர்கூடக் காத்திருக்கவேண்டும். ஆக, முன்னுரிமை எவ்வளவு உயர்ந்தாலும் பக்கத்து ட்ரைவர் சோம்பேறி என்றால் பயனில்லை.

படி 1: பழைய முகவரியைக் காப்பாற்றுங்கள்

4ஆம் வழி, 12ஆம் வெக்டர். வெக்டர் என்றால், கையாளும் நிரலின் முகவரி வைக்கப்படும் இடம். (0 முதல் 7 வரையான வழிகள் வெக்டர் 8 முதல் 15 வரை, 8 முதல் 15 வரையானவை 112 முதல் 119 வரை.) டொஸ்ஸின் 53ஆம் பணியால் பழைய முகவரியை வாங்கி வைத்துவிட்டு, 37ஆம் பணியால் உங்களுடையதைப் போடுங்கள்.

படி 2: சீரியல் சிப்பைத் தயார்செய்யுங்கள்

முதலாவது போர்ட்டின் அடி முகவரி 1016. 1019இல் 128 எழுதி, 1016இல் 12, 1017இல் 0 போட்டால் 9600 பாட் (செக்கனுக்கு 9600 பிட் வேகம்). பிறகு 1019இல் 3. அடுத்து 1021, 1016, 1018, 1022 நான்கையும் ஒருமுறை வாசித்துப் பழைய குப்பையை வெளியேற்றுங்கள். 1017இல் 1, 1020இல் 11. அந்த 11இல் உள்ள 8தான் பலர் விடும் பிட். பிசியில் இன்டரப்ட் கம்பியை 8259ஏ வரை திறந்துவிடுவது அதுதான். அதை விட்டால் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு எழுத்தும் வராது.

படி 3: முகமூடியைத் திறவுங்கள்

33ஆம் போர்ட் என்பது 8259ஏயின் முகமூடி இருக்கும் முகவரி, அதில் 1 உள்ள வழி அடைபட்டிருக்கும். அதை வாசித்து, 239உடன் 'அண்ட்' செய்து திரும்ப எழுதுங்கள். 239ஐ அப்படியே எழுதினால் டைமரும் கீபோட்டும் செத்துவிடும்.

படி 4: கையாளும் நிரல்

இது கட்டுரையின் நெஞ்சு, ஆறுதலாக வாசியுங்கள். 1018ஐ வாசியுங்கள். கடைசி பிட் 1 என்றால் வேலை இல்லை. 0 என்றால், 1021ஐ வாசித்து, 1016இல் உள்ள எழுத்தை எடுத்து வட்ட இடையகத்தில் (முடிவை எட்டியதும் தொடக்கத்துக்கே திரும்பும் நினைவகப் பகுதியில்) போட்டுவிட்டு, மறுபடியும் 1018க்குப் போங்கள். ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறக்கூடாது. ஐ.எஸ்.ஏ பஸ்ஸில் 8259ஏ பார்ப்பது கம்பி மேலெழும் கணத்தை மட்டும். நீங்கள் வெளியேறும்போது சிப் இன்னும் கையை உயர்த்திக்கொண்டே இருந்தால், புதிதாக 'எழும்' கணமே வராது. போர்ட் ஊமையாகிவிடும். "கொஞ்ச நேரம் வேலைசெய்து பிறகு நின்றுவிட்டது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முடிவில் 32ஆம் போர்ட்டுக்கு 32 எழுதுங்கள். 'வேலை முடிந்தது' என்ற சொல் அது. மறந்தால் 4, 5, 6, 7 நான்கும் அடைபட்டுப்போகும். 5ஆம் வழியில் ஒலி அட்டை இருந்தால் அதுவும், 6இல் உள்ள பிளொப்பியும் நின்றுவிடும். 8 முதல் 15 வரையான வழிக்கு எழுதுபவர் 160க்கும் பிறகு 32க்கும் என இரண்டு முறை சொல்லவேண்டும்.

கையாளும் நிரலுக்குள் திரையில் அச்சடிக்கவோ கோப்பு எழுதவோ டொஸ்ஸைக் கூப்பிடாதீர்கள். டொஸ் ஒரே நேரத்தில் இரண்டு முறை நுழையத் தாங்காது.

எழுத்து தொலைகிறதா?

1021இல் 2 என்ற பிட் எழுந்தால் ஒரு எழுத்து மேலெழுதப்பட்டுவிட்டது. ஒரு எண்ணியில் கூட்டிவாருங்கள். 9600இல் ஒரு எழுத்துக்குச் சுமார் 1.04 மில்லிசெக்கன் இருக்கிறது. 115200இல் வெறும் 87 மைக்ரோசெக்கன். 8250 என்ற சீரியல் சிப்பில் எழுத்து காத்திருக்க ஒரே இடம்தான். 16550ஏ சிப்பில் 16 இடம். 1018இல் 135 எழுதினால் அது திறந்து, 8 எழுத்து சேர்ந்ததும் கூப்பிடும். 199 போட்டால் 14இல்தான் கூப்பிடும், மீதி இரண்டே இடம். மெதுவான கணினிக்கு 135தான் நல்லது.

முன்னுரிமையையே மாற்றவும் வழி உண்டு. 32ஆம் போர்ட்டுக்கு 195 எழுதினால் 3ஆம் வழி கடைசியாகி, 4ஆம் வழி முதலிடம் பிடிக்கும். வரிசை 4, 5, 6, 7, 0, 1, 2, 3 ஆகும். இதைக் கடைசி மருந்தாக வைத்திருங்கள். டைமர், கீபோட், இரண்டாவது சிப் முழுவதும் கீழே போய்விடும். திரும்பப் பழையபடி ஆக்க 199.

காரணமே இல்லாமல் 7ஆம் வழி அடித்தால், முதலில் அந்தப் பச்சை பிடித்த விளிம்பைச் சந்தேகியுங்கள். கம்பியில் ஒரு இரைச்சல் எழுந்து, புரொசெசர் கேட்கமுதல் மறைந்தால், சிப் 7 என்று பதில் சொல்லும். 7ஆம் வழிக்குக் கையாளும் நிரல் எழுதினால், 32ஆம் போர்ட்டுக்கு 11 எழுதி, அதே போர்ட்டை வாசியுங்கள். 128 பிட் இல்லை என்றால் அது போலி, 'வேலை முடிந்தது' சொல்லாமல் திரும்புங்கள்.

வெளியேறும்போது: 1017இல் 0, 1020இல் 0, 33இல் 16 பிட்டைத் திரும்ப ஏற்றுங்கள், கடைசியாகப் பழைய வெக்டர். கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியேறும் பாதையையும் இதே வழியால் விடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த எழுத்து வந்ததும் கணினி, காலியாகிவிட்ட நினைவகத்துக்குள் பாய்ந்து உறைந்துபோகும்.