பி.எஸ்சி. நர்சிங்கா, ஊட்டச்சத்தியலா? சேரும் முன் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூவில் உயிரியல் படித்த மாணவிகள் பலர் இவ்விரு படிப்புகளுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பிக்கிறார்கள். இரண்டுமே மருத்துவமனை சார்ந்தவைதானே, எது கிடைத்தாலும் சரி என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அன்றாட வேலையைப் பார்த்தால் இரண்டும் வெகு தொலைவில் நிற்பவை.

முதலில் காலத்தைக் கணக்கிடுங்கள். பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. அதை முடித்து மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தால் வேலைக்குச் சேரும் தகுதி வந்துவிடுகிறது, தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியும் இருக்கிறது. ஊட்டச்சத்தியல் இளநிலைப் படிப்பு பெரும்பாலான கல்லூரிகளில் 3 ஆண்டுகள்தான் என்றாலும், பெரிய மருத்துவமனைகள் டயட்டீஷியன் (நோயாளிக்கேற்ற உணவைத் திட்டமிடுபவர்) பணிக்கு எம்.எஸ்சி. அல்லது முதுநிலைப் பட்டயத்தையும் மருத்துவமனைப் பயிற்சியையும் எதிர்பார்ப்பதால், உண்மையில் 5 ஆண்டுகளுக்குத் தயாராக வேண்டும். மகளின் சம்பளத்தை விரைவில் எதிர்பார்க்கும் குடும்பம் இதைச் சேரும் முன்பே பேசி முடிவுசெய்வது நல்லது.

அடுத்தது வேலையின் தன்மை. செவிலியருக்கு இரவுப் பணி உண்டு. நோயாளியின் உடலைத் துடைப்பதும், மலச்சட்டி வைப்பதும், சில நாள்களில் மரணத்தின் அருகில் நிற்பதும் உண்டு. இதைத் தாங்க முடியுமா என்பதைக் கற்பனையில் முடிவுசெய்யாமல், இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். டயட்டீஷியனின் சிரமம் வேறு வகையானது: சிறுநீரக நோயாளிக்குக் காய்கறியை வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய நீரை வடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை, ஐம்பது ஆண்டுகளாகத் தன் கைப்பக்குவத்தில் சமைத்த பாட்டியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, அவர் அதைச் செய்யும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உயிர்வேதியியலில் விருப்பமும் பேச்சில் நிதானமும் இல்லாதவருக்கு இது சலித்துவிடும்.

இரண்டும் பிடித்திருந்தால், நான் நர்சிங்கையே முதலில் பரிந்துரைப்பேன். அதன் பாடத்திட்டத்தில் இரண்டாம் பருவத்திலேயே ஊட்டச்சத்தும் உணவியலும் ஒரு பாடமாக வருகிறது. ஊட்டச்சத்தியல் படித்தவரோ பிறகு செவிலியராக விரும்பினால் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, நர்சிங் என்றால் அந்தக் கல்லூரி தகுதியானது என்ற இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்பதையும், மாணவிகள் எந்த மருத்துவமனை வார்டில் பயிற்சி பெறுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஊட்டச்சத்தியல் என்றால் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். சில கல்லூரிகளில் பேக்கரியும் உணவுப் பதப்படுத்தலுமே அதிகமாக இருக்கும்.