லெவலைத் தவணையில் கொடுங்கள்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் நான்காம் லெவலுக்கு 2,700 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஐந்தாம் லெவலுக்கு 6,500. நடுவில் இருக்கிற 3,800 புள்ளிகளைச் சேர்க்கும் வரை, கதாபாத்திரத்தின் திறன்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் ஒன்றுமே மாறாது. 6,500-ஐத் தொட்ட அன்று எல்லாம் மொத்தமாக வந்து விழும். போர்வீரனான ஃபைட்டருக்கு ஒரே திருப்பத்தில் இரண்டு அடி, மந்திரவாதியான விஸார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம், எல்லாருக்கும் பகடையில் கூட்டிக்கொள்ளும் புரொஃபிஷியன்சி போனஸ் +2-இலிருந்து +3. அடுத்த செஷனில் பாதிப் பேருக்குத் தனக்கு என்ன கிடைத்தது என்றே நினைவிருக்காது. விளையாட்டை நடத்தும் டிஎம்மான எனக்கும் போன வாரம் பயமுறுத்திய ஓகர் என்ற பூதம் இந்த வாரம் ஏன் இரண்டே சுற்றில் விழுகிறது என்று தலை சுற்றும்.

அதனால் எங்கள் மேஜையில் லெவலை நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். எதை முதலில் வாங்குவது என்பது விளையாடுகிறவர் விருப்பம். விதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் அது சண்டையில் முடியாமல் இருக்கப் போட்ட வேலி.

யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை. 2013-இல் வந்த தர்ட்டீன்த் ஏஜ் விளையாட்டில் அடுத்த லெவலின் ஒரு துண்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் முறை அதிகாரபூர்வ விதியாகவே இருக்கிறது. அதை ஐந்தாம் பதிப்புக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டியதுதான் நான் செய்தது. கீழே வரும் கணக்கெல்லாம் 2014 விதிப்புத்தகத்தின்படி. 2024 திருத்தப் பதிப்பில் விளையாடுபவர்கள் கூடுதலாக வரும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வழி மாறாது.

செய்முறைக்குப் போகும் முன் ஒரு விஷயம். கேரக்டரை இஷ்டப்படி வளர்க்கலாம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது புள்ளி முறை. எக்ஸ்பியைக் காசு மாதிரி செலவழித்து, வேண்டிய திறமையை எந்த கிளாஸிலிருந்தும் (ஃபைட்டர், விஸார்ட் போன்ற பாத்திர வகை) வாங்கிக்கொள்வது. 1986-இல் வந்த ஜர்ப்ஸ் விளையாட்டு அப்படித்தான், அடித்தளத்திலிருந்தே புள்ளிக்காகக் கட்டியது என்பதால் அங்கே நன்றாக ஓடுகிறது. கிளாஸும் லெவலும் எலும்பாக இருக்கிற விளையாட்டில் அதைச் செருகினால், கூட்டத்தில் ஒரே ஒரு கணக்குப் புலி போதும், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தவணை முறையில் மொத்தம் மாறுவதில்லை. ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்குப் புத்தகம் என்ன தருகிறதோ அதுதான் கடைசியில் கையில் இருக்கும். மாறுவது வரிசை மட்டும். அதற்கு மேல் சுதந்திரம் கேட்டால் நான் தருவதில்லை.

சரி, செய்முறை. மூன்றாம் லெவலிலிருந்து தொடங்குங்கள். 300-இல் இரண்டாம் லெவல், 900-இல் மூன்றாம் லெவல். அந்த வேகத்துக்குத் தவணை வேண்டாம். அதன் பிறகு, அடுத்த லெவலுக்குத் தேவையான எக்ஸ்பியை நான்கால் வகுங்கள். நான்கிலிருந்து ஐந்துக்குப் போக 3,800, ஆக ஒரு தவணைக்கு 950. 3,650, 4,600, 5,550 தாண்டும்போது ஒவ்வொரு தவணை, 6,500-இல் கடைசித் தவணை. எக்ஸ்பி கணக்கு வைக்காமல் கதைப்போக்கில் லெவல் கொடுப்பவர்கள் ஒரு செஷனுக்கு ஒரு தவணை என்று வைத்துக்கொள்ளலாம். அது இன்னும் எளிது.

அப்புறம் ஒவ்வொருவரும் தன் அடுத்த லெவலை நான்கு துண்டாக எழுதிவைக்க வேண்டும். எங்கள் மேஜையில் ஐந்தாம் லெவல் இப்படிப் பிரிந்தது. விஸார்டுக்கு: ஹிட் பாயின்டும் (உயிர்ப் புள்ளி) ஹிட் டைஸும் (ஓய்வில் உயிரைத் திரும்பப் பெற உருட்டும் பகடை) ஒன்று, ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட்டும் (ஒரு மந்திரத்தை ஒருமுறை வீசும் வாய்ப்பு) ஒரு புது மந்திரமும் ஒன்று, இன்னொரு ஸ்லாட்டும் இன்னொரு மந்திரமும் ஒன்று, கடைசியாக புரொஃபிஷியன்சி போனஸ். திருடனைப் போன்ற ரோகுக்கு: ஹிட் பாயின்ட், எதிரி அசந்த நேரத்தில் அடிக்கும் ஸ்னீக் அட்டாக்கின் மூன்றாவது பகடை, பட்ட அடியின் சேதத்தைப் பாதியாக்கும் அன்கேனி டாட்ஜ், பிறகு போனஸ். புனித வீரனான பலடினுக்கு: ஹிட் பாயின்ட், எக்ஸ்ட்ரா அட்டாக் (அந்த இரண்டாவது அடி), புது ஸ்லாட்டுகள், போனஸ். பூசாரியான கிளெரிக் கிட்டத்தட்ட விஸார்ட் மாதிரி. ஃபைட்டருக்குத்தான் சரக்கு குறைவு. ஹிட் பாயின்டைத் தனியாகவும் ஹிட் டைஸைத் தனியாகவும் பிரித்தால்தான் நான்கு வரும். ஃபைட்டராக விளையாடுவது கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகன். “மாமா, ஹிட் டைஸ் எல்லாம் ஒரு தவணையா?” என்று கேட்டான். கதவை உடைத்துக்கொண்டு மூன்று அறை சண்டை போட்ட பிறகு, ஷார்ட் ரெஸ்ட் என்ற குட்டி ஓய்வில் கூடுதலாக ஒரு பகடை உருட்டியபோது பேசாமல் இருந்தான்.

எபிலிட்டி ஸ்கோர் (வலிமை, அறிவு போன்றவற்றின் எண்) கூடுகிற நான்காம், எட்டாம் லெவல்களில் +2-ஐ இரண்டு +1 ஆக உடையுங்கள். இங்கேதான் வரிசைக்கு ருசி வருகிறது. 17-இல் இருக்கும் ஸ்ட்ரெங்த்தை 18 ஆக்கினால் அன்றே, பகடையில் கூட்டும் மாடிஃபையர் +3-இலிருந்து +4 ஆகும். 16-ஐ 17 ஆக்கினால் அன்று ஒன்றும் நடக்காது, அடுத்த +1 வரும் வரை காத்திருக்க வேண்டும். ஸ்கோருக்குப் பதில் ஃபீட் (ஒரு சிறப்புத் திறமை) எடுப்பவருக்கு ஃபீட் இரண்டு தவணைக்குச் சமம். இரண்டையும் கட்டிய பிறகுதான் கைக்கு வரும், பாதி ஃபீட் என்று ஒன்று கிடையாது.

இனி வேலிகள்.

முதல் வேலி, புரொஃபிஷியன்சி போனஸ் கடைசித் தவணைதான், எல்லாருக்கும். அது உயர்வது 5, 9, 13, 17 ஆகிய லெவல்களில். அட்டாக், சேவ் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது), ஸ்கில், மந்திரத்தின் டிசி (அதிலிருந்து தப்ப எதிரி எட்ட வேண்டிய எண்) என்று ஷீட் முழுக்க அது தொடாத இடம் இல்லை. அதை முதலில் எடுக்க விட்டால் எல்லாரும் அதையே எடுப்பார்கள், தேர்வு என்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

இரண்டாவது, கடைசித் தவணை கட்டும் வரை நீங்கள் பழைய லெவல்தான். லெவலை வைத்துக் கணக்கிடும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பலடின் தொட்டுக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸ் புள்ளிகள் லெவலின் ஐந்து மடங்கு என்பதால் 20-லேயே நிற்கும், மூடிய பிறகுதான் 25. ஃபயர் போல்ட் மாதிரி, ஸ்லாட் செலவில்லாத கேன்ட்ரிப் மந்திரங்களின் இரண்டாவது பகடையும் அப்போதுதான். செலவழித்த ஸ்லாட்டை ஷார்ட் ரெஸ்டில் மீட்கும் விஸார்டின் ஆர்கேன் ரிக்கவரியை மறந்துவிடாதீர்கள். லெவலில் பாதி, மீதியை மேலே ஏற்றிக் கணக்கு என்பதால் நான்காம் லெவலில் இரண்டு நிலை அளவு ஸ்லாட், ஐந்தில் மூன்று. ஆக, மூன்றாம் நிலை ஸ்லாட் முன்கூட்டியே கிடைத்தாலும் ஷார்ட் ரெஸ்டில் அதைத் திரும்பப் பெற முடியாது. எங்கள் விஸார்டுக்குச் சில வாரங்கள் நாளொன்றுக்கு ஒரே ஒரு ஃபயர்பால்தான். எட்டு ஆறுமுகப் பகடை சேதம், இருபது அடி ஆரம். அதை இப்போது வீசுவதா, உள்ளே இன்னும் பெரிதாக ஏதாவது இருக்குமா என்று ஐந்து பேரும் கிசுகிசுத்துச் சண்டை போட்டதுதான் இந்த விதியால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். இரண்டு ஸ்லாட்டும் சேர்ந்து வந்திருந்தால் முதல் அறையிலேயே ஒன்று போயிருக்கும்.

மூன்றாவது, எக்ஸ்ட்ரா அட்டாக், மூன்றாம் நிலை ஸ்லாட் போன்ற பெரிய துண்டை ஒரே இரவில் இரண்டு பேருக்கு மேல் புதிதாக எடுக்கக் கூடாது. யார் என்பதை இருபதுமுகப் பகடை தீர்மானிக்கும். ஐந்து பேர் இருந்தால் முதல் மூன்று தவணைக்குள் எல்லாருக்கும் முறை வந்துவிடும். ஏழு பேர் இருந்தால் இரண்டை மூன்றாக்குங்கள். இதை ஏன் வைத்தேன் என்றால், புதுச் சக்தி கிடைத்தவரை அன்று மற்றவர்கள் கவனிக்க வேண்டும். ஐந்து பேரும் ஒன்றாகப் பளபளத்தால் யாரையும் யாரும் பார்ப்பதில்லை.

மல்டிகிளாஸ் (இன்னொரு கிளாஸையும் சேர்த்துக்கொள்வது) போகிறவர் முதல் தவணைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாதி ரோக், பாதி விஸார்ட் என்று ஒரே லெவலை இரண்டு கிளாஸிலிருந்து பொறுக்க அனுமதி இல்லை. அடுத்த லெவலைத் தாண்டி அதற்கடுத்த லெவலிலிருந்து கடன் வாங்கவும் முடியாது. எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

இப்போது டிஎம் பக்கம். சண்டைகளின் கடினத்தைக் கணக்கிட டிஎம் புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு. கடினமான சண்டைக்கு எதிரிகளின் எக்ஸ்பி மதிப்பு ஒரு கேரக்டருக்கு நான்காம் லெவலில் 375, ஐந்தாம் லெவலில் 750. அப்படியே இரட்டிப்பு. அந்தத் தாவல் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தவணை முறையில் இந்த எண்ணையும் படிப்படியாக ஏற்றலாம். ஒவ்வொரு தவணைக்கும் தலைக்குச் சுமார் 95 கூட்டுங்கள். ஐந்து பேருக்கு 1,875-இல் தொடங்கி, இரண்டு தவணை முடிந்ததும் 2,825 பக்கத்தில் நிற்கும். துல்லியமான அறிவியல் இல்லைதான், ஆனாலும் ஓகர் எப்போது மூன்றாக வர வேண்டும் என்று ஊகிக்க இது போதும்.

இன்னொன்று, ஐந்தாவது தவணை. இலவசம், ஆனால் கேட்டு வாங்க முடியாது. அந்த லெவல் நடக்கும்போது ஒரு கேரக்டர் கதைக்குள் எதையாவது விடாமல் செய்துகொண்டிருந்தால், லெவல் மூடும்போது அதற்கு ஏற்ற ஒரு மொழியோ ஒரு டூல் புரொஃபிஷியன்சியோ (ஒரு கருவியைக் கையாளும் தேர்ச்சி) கொடுக்கிறேன். யாருக்கு என்பதை மற்ற நான்கு பேர் முன்மொழிய வேண்டும். புத்தகத்தில் இதற்கு வேறு வழி இருக்கிறது, 250 நாள் பயிற்சி, நாளுக்கு ஒரு பொற்காசு. எங்கள் கதையில் யாருக்கும் தொடர்ந்து பத்து நாள் ஓய்வு கிடைத்ததில்லை. பிடிபட்ட கோப்ளின் ஒருவனைக் கொல்லாமல் கூடவே கூட்டிக்கொண்டு, தினமும் அவனிடம் பேசிக்கொண்டே வந்த கிளெரிக்குக்குக் கோப்ளின் மொழி கிடைத்தது. ரோகுக்குச் சமையல் கருவிகள், ஏனென்றால் எந்த முகாமிலும் மற்றவர் சமைக்க அவள் விட்டதே இல்லை. சண்டையில் உதவும் எதையும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மறுவாரமே ஆளாளுக்கு வாள் பயிற்சி செய்ய ஆரம்பிப்பார்கள், நடிப்புக்காக.

நடைமுறையில் சில சின்ன விஷயங்கள். துண்டுகளை ஷீட்டில் எழுதாதீர்கள், தனித்தனி அட்டையில் எழுதுங்கள். எங்களிடம் ஒருவர் வேலை மாறியதால் மிஞ்சிய விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கம் போதுமானதாக இருந்தது. தவணை வாங்கியதும் அட்டை அவர் பக்கம் போகும், லெவல் மூடியதும் நான்கையும் பார்த்து ஷீட்டைப் பென்சிலால் திருத்துவோம். தேர்வை செஷன் முடிவில் செய்யச் சொல்லுங்கள், தொடக்கத்தில் வேண்டாம். தொடக்கத்தில் என்றால் முதல் அரை மணி நேரம் புத்தகம் புரட்டுவதிலேயே போகும். எடுத்த துண்டை அடுத்த செஷன் தொடங்கும் வரை மாற்றிக்கொள்ளலாம், பகடை உருண்ட பிறகு முடியாது.

செஷனுக்கு வராதவருக்கும் தவணை உண்டு. வேலை, காய்ச்சல், கல்யாணம் என்று ஆயிரம் இருக்கும், அதற்காகக் கேரக்டரைப் பின்தங்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பெரிய துண்டுக்கான பகடையை அங்கே இருப்பவர்கள் மட்டுமே உருட்டலாம். நடுவில் புதிதாகச் சேர்பவர் மற்றவர்களின் லெவலிலேயே தொடங்குவார். அவர்கள் எத்தனை தவணை கட்டியிருக்கிறார்களோ அத்தனை அட்டைகளையும் முதல் நாளே தானே தேர்ந்தெடுத்துக்கொள்வார்.