நாலு பக்கம் அளந்தால் போதுமா? கோணல் மனைக்கு ஹெரான் சூத்திரம்

நான்கு ஈர்க்குச்சிகளை எடுத்து முனைகளை நூலால் கட்டி ஒரு சட்டம் செய்யுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் சட்டம் சாயும். இன்னும் தள்ளினால் கிட்டத்தட்ட தட்டையாகப் படுத்துவிடும். குச்சிகளின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, உள்ளே இருக்கும் இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. "நாலு பக்கமும் அளந்தாச்சு, எத்தனை சதுரடி?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். மூன்று குச்சிகளைக் கட்டினால் அசையாது. ஆகவே கோணல் மனையை முக்கோணங்களாக வெட்டிக்கொள்வோம். மூன்று பக்கம் மட்டும் தெரிந்தால் முக்கோணத்தின் பரப்பளவைத் தருவது ஹெரான் சூத்திரம்.

ஹெரான் முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர். இந்தச் சூத்திரம் அவருக்கும் முந்தைய ஆர்க்கிமிடீஸுக்கே தெரியும் என்று பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி எழுதியிருக்கிறார். 1247-இல் சீனாவின் சின் ஜியுஷாவும் வேறு வடிவத்தில் இதையே எழுதினார். பெயர் மட்டும் ஹெரானிடம் போய் ஒட்டிக்கொண்டது. சரி, டேப்பை எடுப்போம்.

1. மூலைகளுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். நம் மனையில் அ–ஆ 52 அடி, ஆ–இ 56, இ–ஈ 36, ஈ–அ 48. அப்புறம் எதிர் மூலைக்கு இழுங்கள்: அ–இ 60 அடி. இந்த மூலைவிட்டத்தைத்தான் பெரும்பாலானோர் அளக்காமல் வந்துவிடுகிறார்கள். டேப் தொய்யக் கூடாது. 52 அடி 6 அங்குலம் என்றால் 52.5 என்று எழுத வேண்டும், 52.6 அல்ல.

2. முதல் முக்கோணம் 52, 56, 60. மூன்றையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 84. இதன் பெயர் அரைச்சுற்றளவு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 32, 28, 24. இப்போது 84 × 32 × 28 × 24 = 18,06,336. இதன் வர்க்கமூலம் 1,344. அதுவே சதுரடி.

3. இரண்டாவது முக்கோணம் 36, 48, 60. அரைச்சுற்றளவு 72, கழித்தால் 36, 24, 12. பெருக்கினால் 7,46,496, வர்க்கமூலம் 864. பழைய 84-ஐயே இங்கேயும் போட்டுவிடுவது என் பழைய வியாதி. அப்படிச் செய்தால் 864 வர வேண்டிய இடத்தில் 1,866 வந்து நிற்கும்.

4. கூட்டுங்கள்: 1,344 + 864 = 2,208 சதுரடி. ஒரு சென்ட் 435.6 சதுரடி, அதனால் வகுத்தால் 5.07 சென்ட்.

இரண்டாவது முக்கோணத்தைச் சரிபார்க்க பிதாகரஸ் உதவுவார். 36-இன் வர்க்கமும் 48-இன் வர்க்கமும் சேர்ந்தால் 3,600, அதாவது 60-இன் வர்க்கம். அப்படியானால் ஈ மூலை செங்கோணம். 36 × 48-இல் பாதி, அதே 864. கொத்தனார் 3, 4, 5 வைத்து மூலை மட்டம் பார்ப்பதும் இதே கணக்குதான். மூலை செங்கோணமாக இல்லாவிட்டால் பிதாகரஸை இழுக்காதீர்கள்.

இப்போது ஊரில் வழக்கமாகப் போடும் கணக்குக்கு வருவோம். எதிரெதிர் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்குவது: (52 + 36)-இல் பாதி 44, (56 + 48)-இல் பாதி 52, பெருக்கினால் 2,288. எண்பது சதுரடி கூடிவிட்டது! சதுரடி 1,500 ரூபாய் என்று வைத்தால், இல்லாத நிலத்துக்கு 1,20,000 ரூபாய். இந்தக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டுமே சரியாக வரும். மற்ற எல்லா நாற்கரங்களுக்கும் கூட்டித்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வாங்குபவர்தான் உஷாராக இருக்க வேண்டும்.

இந்தச் சராசரி முறையைத் தோராயக் கணக்கு என்று இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-லேயே எழுதிவைத்துவிட்டார். கூடவே துல்லியமானது என்று ஒரு சூத்திரமும் கொடுத்தார். நான்கு பக்கங்களின் கூட்டலில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வரும் நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பது. பிரம்மகுப்தர் சூத்திரம் என்று தேடினால் கிடைக்கும், மூலைவிட்டமே வேண்டாம் என்பதால் ஆசையாகவும் இருக்கும். ஆனால் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமைந்தால்தான் அது பொருந்தும். நம் மனையில் போட்டால் 96-இலிருந்து கழித்து 44, 40, 60, 48, விடை 2,251. நாற்பத்து மூன்று சதுரடி அதிகம். எதிரெதிர் கோணங்கள் சேர்ந்து 180 பாகை வருகிறதா என்று பார்க்காமல் இதைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. மற்ற மூலைவிட்டமான ஆ–ஈ-யையும் அளங்கள். நம் மனையில் அது 74 அடி 7 அங்குலம் இருக்கும். அதை வைத்து மறுபடி இரண்டு முக்கோணங்கள் போட்டாலும் 2,208-ஐ ஒட்டியே வர வேண்டும். ரொம்பத் தள்ளி வந்தால் டேப் எங்கோ தொய்ந்திருக்கிறது, திரும்ப அளங்கள். ஐந்து மூலை மனை என்றால் ஒரே மூலையிலிருந்து இரண்டு மூலைவிட்டங்கள், மூன்று முக்கோணங்கள். ஏதாவது ஒரு மூலை உள்ளே மடிந்திருந்தால், டேப்பை அந்த மூலையிலிருந்தே இழுங்கள். இல்லையென்றால் டேப் பக்கத்து மனை வழியாகப் போய்விடும்.